பத்தமடைப் பாய் போட்ட மோட்டார்

மகன் மலிவாக வாங்கிச் செப்பனிட்ட பழைய பெரிய காரின் கதவைத் திறந்ததும் தோல் வாடை முகத்தில் அடித்தது. என் அப்பாவின் மோட்டாரில் அடித்த அதே வாடை.

ஊரில் ஜட்கா வண்டி மட்டும் ஓடிய காலம். சீமைக்குக் கப்பலேறிய துரையிடமிருந்து அப்பா அந்த மோட்டாரை அடிமாட்டு விலைக்கு வாங்கினார். அன்றிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பித்தளை விளக்குகளைப் புளி போட்டுத் தேய்ப்பார். சாப்பிட்ட கையோடு எழுந்துபோய்ச் சக்கரத்தை உருட்டிப் பார்ப்பார். முதலில் அம்மாவைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று எப்போதும் அதே பேச்சு.

அம்மா இருக்கையைத் தொட்டுப் பார்த்தாள். "மாட்டுத்தோலு மேல உக்காந்து முருகனைப் பாக்கவா? நான் நடந்தே வாரேன்."

அப்பா அந்த அருமையான தோலைப் பிய்த்தெறிந்துவிட்டு, பத்தமடைப் பாயை வெட்டித் தைக்கச் செய்தார். பாய் பட்டுப்போல வழவழத்தது. அம்மாவும் பட்டுச்சேலை கட்டித்தான் ஏறினாள். ஆற்றுப்பாலத்துத் திருப்பத்தில் அப்படியே வழுக்கி இருக்கைக்குக் கீழே போய்விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் முன் இருக்கையைக் கட்டிப்பிடித்துத் தப்பித்தேன். அப்பா பதறிப்போய் வண்டியை நிறுத்தினார்.

"என்னத்துக்கு நிறுத்துதீய? பைய ஓட்டுங்க. நான் இங்கனயே இருக்கேன்" என்றாள். கோயில்வரை வண்டியின் தரையில்தான் வந்தாள்.

"ஏறுங்கம்மா" என்றான் மகன். ஏறினேன். வண்டி இன்னும் கிளம்பவில்லை. அதற்குள் என் இரண்டு கைகளும் முன் இருக்கையை இறுகப் பிடித்திருந்தன.