ராணி வேடம்

அக்காவுக்குக் கிடைத்த ராணி வேடத்தை நான் பொய் சொல்லிப் பறித்தேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது. சின்னப் பையன்தானே என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். யோசித்து, நேரம் பார்த்துச் சொன்ன பொய் அது.

புனேயில் நான் படித்தது ஒரு தனியார் ஆண்கள் பள்ளி. ஆண்டு விழா நாடகத்தில் ராணி வேடத்துக்கும் மீசை முளைக்காத பையன்கள்தான் கதி. மூன்று வருடம் தொடர்ந்து நான்தான் ராணி. எனக்குப் பறந்த விசிலில் பாதிகூட ராஜாவுக்குக் கிடைத்ததில்லை.

நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருடம், பள்ளியில் புதிதாகப் பதினொன்றாம் வகுப்பு தொடங்கினார்கள். அதில் மட்டும் பெண்களும் சேரலாம். சேர்ந்த ஏழு பெண்களில் ஒருத்தி என் அக்கா. இன்னொருத்தி சுனந்தா, கட்கியில் எங்கள் குவார்ட்டர்ஸின் பக்கத்து வீட்டு மராத்திப் பெண். அக்கா சைக்கிள் மிதிப்பாள், சுனந்தா கேரியரில் உட்கார்ந்து வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள்.

நாடக வாத்தியார் ராணி வேடத்தை அக்காவுக்குக் கொடுத்தார். என் கையில் ஒரு ஈட்டியைக் கொடுத்து வாசலில் நிறுத்தினார். வசனம் கிடையாது.

அக்கா வீட்டில் சொல்லவில்லை. விழாவுக்கு முதல் நாள் சொல்லிக்கொள்ளலாம் என்பது சுனந்தாவின் யோசனை. "டேய், அப்பாகிட்ட வாயத் தொறந்தே, தொலைச்சிடுவேன்" என்று அக்கா என்னை எச்சரித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சவரம் செய்துகொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அப்பா, நாடகத்துல ராஜா அக்கா கையப் புடிச்சிக்கினு பாடறான்."

"இன்னாடா சொல்ற?"

"தெனம் ரிகர்சல்ல புடிக்கிறான்பா. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

எங்கள் வாத்தியாரின் ராஜாக்கள் ராணியிடமிருந்து நாலடி தள்ளியே நிற்பார்கள் என்பது என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்?

அப்பா வாக்குத் தவறாதவர். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. "அங்க நடக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நாடகம் வேணாம். இல்லன்னா படிப்பும் வேணாம்" என்று அக்காவிடம் சொன்னதோடு சரி.

மற்ற பெண்கள் யாரும் மேடையேறச் சம்மதிக்காததால் வேடம் என்னிடமே திரும்பி வந்தது. விழா அன்று எனக்கு ஒன்பது கஜப் புடவை கட்டிவிட்டவளும் அக்காதான். "அசையாம நில்லுடி ராணி" என்று இடுப்பில் ஒரு குத்துக் குத்தினாள். மேடையில் நான் வசனம் மறந்து விழித்தபோது, திரை மறைவிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் அவள் குரல்தான். சிறந்த நடிகனுக்கான கோப்பை எனக்குக் கிடைத்தது.

அதற்குப் பிறகு சுனந்தா பஸ்ஸில் போனாள். பெண்கள் என்றால் ஏதாவது சண்டை இருக்கும் என்று நினைத்தேன். காலியாக இருந்த கேரியரில் நான் ஏறிக்கொண்டேன்.

ஏறக்குறைய ஐம்பது வருடம் கழித்து, புனேயிலேயே ஔந்த் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்த அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"சுனந்தாதான் போட்டுக் குடுத்தான்னு நெனச்சேன்டா. ரெண்டு வருஷம் ஒரே பெஞ்சு. ஒரு வார்த்த பேசல."

"என்மேல சந்தேகம் வரலியாக்கா?"

"உன்னத்தான் மெரட்டி வெச்சிருந்தேனே. நம்ம வீட்டுப் புள்ள அதையும் மீறிச் சொல்லுவான்னு தோணவே இல்லியே."

பழைய மாணவர்களிடம் ஒரு மாதம் விசாரித்து, சுனந்தா அதே ஊரில், மகர்பட்டாவில் மகனோடு இருப்பதைக் கண்டுபிடித்தேன். அக்காவைக் கூட்டிப் போனேன். கதவைத் திறந்தவளுக்குத் தலை முழுக்க நரை. அக்கா என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நானே எல்லாவற்றையும் மராத்தியில் சொல்லி முடித்தேன்.

சுனந்தா குவார்ட்டர்ஸில் கற்ற தமிழில் பதில் சொன்னாள். "நான் இன்னா தப்பு பண்ணேன்னு எத்தினி வருஷம் யோசிச்சேன் தெரியுமா?"

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அந்தக் கப்பு உனக்கு ஜாஸ்தி. சுமார் ராணிதான் நீ."

அக்கா முதலில் சிரித்தாளா, அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். இருவரும் காதில் வாங்கிக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

இப்போது வியாழக்கிழமைதோறும் அவர்களை ஊர் சுற்றக் கூட்டிப் போவது என் வேலை. இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறார்கள். போன வாரம் சிக்னலில் நின்றபோது எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று திரும்பிக் கேட்டேன்.

"நீ ரோட்டப் பாரு" என்றாள் அக்கா.