பாதி கழுவிய கால்

பெரிய வியாழன் மாலைப் பூசையில் ஃபாதர் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவுவார். இந்த வருடம் அந்தப் பன்னிரண்டில் அப்பாவும் ஒருவர். மதியமே குளியலறைக்குள் போய்ப் பிரஷ் போட்டுக் குதிகாலைத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடரும் போட்டுக்கொண்டார். “ஃபாதர் முன்னாடி அழுக்குக் காலை நீட்ட முடியுமா?” என்றார். பீடத்தின் முன்னால் அந்தப் பளபளத்த காலில் தண்ணீர் விழுந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. கழுவிய காலையே மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறோம். கழுவ வேண்டிய கால்கள் அண்ணாமலையைச் சுற்றி வெறுங்காலாக நடந்துகொண்டிருக்கின்றன.

நர்சிங் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறேன். சும்மா இருக்க எனக்கு வராது. பூசை முடியும் முன்பே தோழிக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். என்னோடு படித்தவள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டித்தான் வீடு, வாசலில் அவள் அம்மாவின் இளநீர்க் கடை. சித்திரை பௌர்ணமியன்று அங்கே உட்கார்ந்து, நடப்பவர்களின் காலைக் கழுவிக் கட்டுப் போடலாமா என்று கேட்டிருந்தேன். மறுநாள் காலையில்தான் கூப்பிட்டாள்.

“போடலாம்டி. ஆனா நீ கிறிஸ்டியன்னு தெரிஞ்சா எவனாச்சும் வீடியோ எடுத்து, மதம் மாத்தறாங்கன்னு போட்டுடுவான். உனக்கு இன்னா, வேங்கிக்கால்ல வீட்டுக்குள்ள போய் படுத்துப்ப. எங்கம்மா இங்கதான் கடை வைக்கணும்.”

“ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

“நீயா? பேசாமயா?” என்று சிரித்தாள்.

அதற்கு முன் எனக்கு அந்தப் பயம் இருந்ததில்லை. அவள் சொன்ன பிறகு அது என்னை விட்டுப் போகவில்லை. பௌர்ணமி காலையில் கழுத்துச் சங்கிலியைச் சிலுவையோடு கழற்றி வீட்டில் வைத்தேன். யூத் குரூப் டீ-ஷர்ட் வேண்டாம் என்று பழைய சுடிதார் போட்டுக்கொண்டேன். இத்தனையும் மறைத்துக்கொண்டு செய்வதற்கு இயேசுவின் பெயர் எதற்கு என்று பஸ்ஸில் ஒரு கேள்வி வந்தது. சில்லறை எடுப்பதுபோலப் பையைத் துழாவி அதைத் தள்ளிவிட்டேன்.

மதியம் வரை நன்றாகவே போனது. கொப்புளம், முள், வெடிப்பு. “கூச்சமா கீதும்மா” என்று கூடையோடு வந்த ஒரு பெண் காலை இழுத்து இழுத்துச் சிரித்தாள். யாரும் எங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஆனாலும் யாராவது போனை உயர்த்தினால் தலையைக் குனிந்துகொண்டேன். பெரும்பாலும் அவர்கள் மலையைத்தான் படமெடுத்தார்கள்.

மூன்று மணி வாக்கில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் பஞ்சர் கடை வைத்திருக்கிறாராம்.

“எனக்கு ஒண்ணும் இல்ல பாப்பா. வூட்டுக்காரம்மாதான் ஒக்காரச் சொல்லுது. சக்கரை வந்ததுலேர்ந்து காலு மரத்துப் போச்சு. தார் ரோடு சுடவே இல்ல. மத்தவங்களுக்கு இல்லாத வசதி.”

“பேச்சப் பாரு,” என்றார் மனைவி.

வாளியில் தண்ணீர் தீர்ந்திருந்தது. தோழி பிடித்து வர உள்ளே போனாள். குவளையில் மிச்சமிருந்ததை ஊற்றி அவர் வலது பாதத்தைத் திருப்பினேன். மண் கரைந்ததும் பெருவிரலுக்குக் கீழே ஒரு கண்ணாடித் துண்டு மின்னியது. சுற்றிலும் சதை வெளுத்து, ஓரம் கறுத்திருந்தது. வாடை வந்தது. அன்று குத்தியது இல்லை. எத்தனை நாளாக அதன் மேலேயே நடந்திருக்கிறார்?

என் கை தானாக எழுந்து நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள் என்று போய் வந்தது. பஸ் கிளம்பினாலும், பரீட்சைத் தாளைப் பிரித்தாலும் போடுகிற அதே சிலுவை அடையாளம். மூன்று வயதிலிருந்து பழகிய கைக்குச் சங்கிலியைக் கழற்றிய விவரம் தெரியாது.

மனைவி பார்த்துவிட்டார்.

“நீங்க அவங்களா?” குரலில் கோபம் இல்லை. ஏமாந்துபோனவர் குரல். “ஏங்க, எழுந்திருங்க. சாமி சுத்த வந்த எடத்துல நமக்கு எதுக்கு இது.”

“பாதி கழுவிடுச்சே. மீதிய நீ கழுவறியா?”

“எழுந்திருங்கன்றேன்.”

“காயம் இருக்குங்க,” என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“நடக்கற காலுல காயம் இல்லாம இருக்குமா? அண்ணாமலையார் பாத்துப்பாரு.”

எதிரே நின்ற ஒரு இளைஞனின் கையில் போன் இருந்தது. எங்களைப் பார்த்துத்தான் இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. கண்ணாடி இருக்கிறது, ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று மூன்றே விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. ஈரக்கால் தார் ரோட்டில் பதிந்து பதிந்து கூட்டத்துக்குள் போயிற்று.

தோழி வாளியோடு வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

“கண்ணாடி இருக்குன்னு சொன்னியா இல்லியா?”

“இல்ல. உங்கம்மா கடை...”

“கடை கெடக்குது லூசு. வா.”

இரண்டு பேரும் ஓடினோம். ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே போனோம். கிடைக்கவில்லை.

இன்றோடு ஒன்பது நாள். சர்க்கரைக்காரர்களின் காலில் ஒன்பது நாள் என்ன செய்யும் என்று வார்டில் பார்த்திருக்கிறேன். விரலில் தொடங்கி முழங்கால் வரை எடுத்தவர்களுக்கு நானே கட்டு மாற்றியிருக்கிறேன். மறுநாளே கீழ்பென்னாத்தூர் போயிருக்கலாம். பஸ் ஏறினால் ஐம்பது நிமிடம்கூட ஆகாது. நடுத்தெருவில் அந்த அம்மா கத்திவிடுவாரோ என்று முதலில் பயந்தேன். இப்போது வேறு பயம். கடை பூட்டியிருந்தால்?

அன்று வாய் திறக்காமல் நான் காப்பாற்றியது என்னைத்தான். தோழியின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னபோது, “எங்கிட்ட கேட்டிருந்தா நானே கத்திச் சொல்லியிருப்பேனே” என்றார். அந்தச் சாக்கும் போயிற்று.

நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் போகிறேன். கையுறை, பஞ்சு, மருந்து எதையும் எடுத்துப்போகவில்லை; இனி அது நான் கட்டுப் போட்டு ஆறுகிற காயம் இல்லை. அவரிடம் சொன்னால் சிரித்துவிடுவார். அந்த அம்மாவிடம்தான் முதலில் பேச வேண்டும். கிறிஸ்டியன்தான், அன்றைக்கு மறைத்தேன் என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுவேன். பிறகு: “அவருக்கு வலி தெரியாதும்மா. பாதத்தைத் திருப்பி நீங்களே பாருங்க. இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும், நானும் கூட வரேன்.” துரத்தினால் எதிர்க்கடையில் சொல்வேன். அவர்களும் கேட்காவிட்டால், பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்து மத்தியானம் இன்னொரு தடவை போய்ச் சொல்வேன்.