லேத்துக்காரர் சொன்ன உவமை

அக்கா மெல்லிசைக் குழுவில் பாடகி. கட்டிக்கொண்டதோ பிறவியிலேயே காது கேளாத லேத் பட்டறைக்காரரை. "உன் பாட்டை அவர்கிட்ட எப்படிடி கொண்டுபோய்ச் சேர்ப்பே?" என்று முதலில் வாயைத் திறந்தவள் தங்கையான நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அக்கா அசரவில்லை. புதுப் பாட்டு கிடைத்தால் சமையலறையில் நின்றபடியே வரி வரியாகச் சைகையில் சொல்வாள். அத்தான் லேசுப்பட்ட ஆளா? காதலியின் முகம் நிலா என்றால், "மூக்கு எங்கே?" என்பார் விரலால். பார்வை மின்னல் என்றால், "வீட்டுக்கு எர்த் போட்டிருக்காங்களா?" கண்ணீர் கடல் என்றால், "உப்பு வாங்கற வேலை மிச்சம்." ரசனை கெட்ட மனுஷன் என்று அக்கா கரண்டியைத் தூக்குவாள்.

பட்டறையில் மற்றவர்கள் சத்தத்தை வைத்து மெஷினின் குணம் சொல்வார்கள். அத்தான் உள்ளங்கையை வைத்துச் சொல்வார். ஒருமுறையும் தப்பியதில்லை. அக்கா பாடிப் பழகும்போதும் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

போன வருஷம் அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. உயிர் வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். குரல் போனதைவிட, அத்தனை பேசிய கைகளையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டதுதான் எங்களைக் கலக்கியது. பத்து நாள் ஆயிற்று. இனி இவள் எழுந்திருக்கமாட்டாள் என்றே நான் பயந்துபோனேன்.

பதினோராம் நாள் காலை, பட்டறைக்குக் கிளம்பிய அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கட்டிலில் உட்கார்ந்து அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை. பிறகு அவளை மெல்லத் தன் பக்கம் திருப்பி, விரல்களால் சொன்னார்.

"சத்தம் நின்னா மெஷினே நின்னுபோச்சுன்னு மத்தவங்க நினைப்பாங்க. நான் கைய வச்சுப் பார்த்துட்டேன். நீ நல்லா ஓடிட்டிருக்க."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. அப்புறம் இன்னொன்று.

"இத்தனை பாட்டு சொல்லிக்கொடுத்தும் நான் உங்களுக்கு மெஷினா? ஒரு தடவையாவது நிலான்னு சொல்லக் கூடாதா?"

"நிலாவுக்கு மூக்கு கிடையாது" என்றார் அத்தான்.

அக்காவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று புரிய எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

எனக்குச் சைகை பார்த்தால் புரியும், செய்ய வராது. நன்றி என்பதை மட்டும் அன்றைக்குச் சரியாகச் செய்தேன். அத்தான் தலையாட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.