பஞ்சண்ணன் அழுக்காக்கிய நாற்காலி

எங்கள் தெருவில் சோபா பழுது பார்ப்பவரைப் பஞ்சண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். தலையிலும் புருவத்திலும் எந்நேரமும் பஞ்சு ஒட்டியிருக்கும். பெற்றவர்கள் வைத்த பேர் வங்கிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர் கடைக்கும் என் கண்ணாடிக் கடைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் அவர் ஆணி அடித்தால் இந்தப் பக்கம் என் சரக்கு நடுங்கும். நான் திட்டுவேன், அவர் சிரிப்பார், மறுபடி அடிப்பார்.

கைவேலையில் கெட்டிக்காரர். வாய்தான் கிடையாது. அதற்கும் சேர்த்து அண்ணி பேசுவார். பழைய சோபாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதே நாகரிகம் என்று ஆனபின் கடை ஈயோட்டத் தொடங்கியது. உங்கள் வேலை உங்கள் கைக்கு மட்டும் தெரிந்தால் போதுமா, நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா என்று அண்ணி போனைத் தூக்கினார். வரும்போது எப்படி இருந்தது, போகும்போது எப்படி இருந்தது, அவ்வளவுதான் வீடியோ. அண்ணன் வாயே திறக்க வேண்டாம் என்பதால் அவரும் ஒத்துக்கொண்டார்.

முதலில் சொந்தக்காரர்கள்தான் பார்த்தார்கள். அவர்களும் பாதியில் எழுந்து போனார்கள். ஒருநாள் பழைய குஷன் மேல் டீ கிளாஸ் கவிழ்ந்துவிட்டது. அண்ணி படம் பிடிப்பதை நிறுத்தவில்லை. அந்த வீடியோவைத்தான் ஊர் பார்த்தது. அழுக்கு எவ்வளவோ அவ்வளவு கூட்டம் என்று அண்ணிக்குப் புரிந்துபோனது. அன்றிலிருந்து எது வந்தாலும் படம் பிடிக்குமுன் ஒரு சடங்கு நடக்கும். அரை கிளாஸ் டீ, தூசி உறிஞ்சியின் பையிலிருந்து ஒரு பிடி தூசி, பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு, பிளேடால் தையலில் ஒரு கீறல். எப்படியும் பிய்த்துப் போடப்போகிற துணிதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்பார் அண்ணன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அப்போதுதான் ஒரு பெண் சாய்வு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பாவுக்குப் படுத்தால் மூச்சு முட்டும். இருந்த வேலையை விட்டுவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டது இந்த மகள்தான். இரவும் பகலும் அந்த நாற்காலியிலேயே இருந்து அவர் போய்ச் சேர்ந்தார். தூரத்து ஊரில் இருக்கும் தம்பி அப்பா ஞாபகமாக அதைக் கேட்டிருக்கிறான். புதுத் துணி போட்டு அனுப்பலாம் என்று வந்தேன் என்றார். துணி வெளுத்திருந்ததே ஒழிய அழுக்கில்லை. தலை சாயும் இடத்தில் துவைத்த வெள்ளைத் துண்டு ஒன்று ஊக்கால் குத்தியிருந்தது.

அண்ணன் ஊக்கைக் கழற்றினார். துண்டை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு வழக்கம்போல டீயை ஊற்றினார். ‘இதில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார் என்றால் நம்புவீர்களா’ என்று அண்ணி தலைப்புப் போட்டார். அதற்கு முன் எந்த வீடியோவுக்கும் அப்படி ஒரு கூட்டம் சேர்ந்ததில்லை. வெளியூரிலிருந்தெல்லாம் அழைப்பு வந்தது. கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை ஏறியது.

கண்ணாடி ஷோகேஸுக்கு அளவெடுக்க நான் அவர் கடையில் இருந்தபோது அந்தப் பெண் திரும்ப வந்தார். வந்த வேகத்தைப் பார்த்தால் சண்டைக்கு என்றுதான் நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தம்பி அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறான். சிறுவயதில் கைப்பிடியில் தான் கத்தியால் கீறிய கோட்டை வைத்து நாற்காலியை அடையாளம் கண்டிருக்கிறான். அப்பாவை இதிலா உட்கார வைத்திருந்தாய் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டவன், அதன்பின் அக்காவின் போனை எடுப்பதில்லை.

“நான் தினமும் தொடச்சேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்,” என்றார் அந்தப் பெண். “அசதியில கண்ணு ஏமாத்திடுச்சு போல. கடைசியில அப்பாவுக்கு முதுகெல்லாம் புண்ணு. இதனாலதான் வந்துச்சோ என்னவோ. மறைக்காம சொல்லுங்கண்ணே, இங்க கொண்டுவந்தப்ப அது நாறுச்சா?”

பஞ்சண்ணன் என்னைப் பார்த்தார். நான் அளவு டேப்பைப் பார்த்தேன்.

“பழைய நாற்காலின்னா அப்படித்தான் இருக்கும்மா. மனசுல வெச்சுக்காதீங்க.”

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தில் தீர்ப்பைக் கேட்டதுபோல ஒரு அடக்கம் வந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அண்ணனுக்கு அது விரலில் தெரிந்தது. துணியில் அடிக்க வேண்டிய ஸ்டேப்ளரைக் கட்டைவிரலில் அடித்துக்கொண்டார். சாப்பாட்டுத் தூக்கு திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது. அண்ணி வீடியோவை அழித்துப் பார்த்தார். அழித்து என்ன, தம்பியின் கண்ணிலிருந்து அழிக்க முடியுமா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றார் அண்ணன். இது ஒன்று பொய் என்றால் எல்லாமே பொய் என்பார்கள், கடையைப் பூட்ட வேண்டியதுதான் என்று அண்ணி அழுதார். அதுவும் சரிதான். அண்ணி பேராசைக்காரி இல்லை. கடை ஈயோட்டிய நாட்களை மறக்காதவர், அவ்வளவுதான்.

வெட்டாத முழுப் படம் அண்ணியின் போனிலேயே இருந்தது. சுத்தமான நாற்காலி, வெள்ளைத் துண்டு, ஊக்கைக் கழற்றும் அண்ணன் கை. பின்னாலிருந்து அண்ணி குரல், இன்னும் கொஞ்சம் ஊத்துங்க என்று. நடுவில் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து என் சிரிப்பும் கேட்டது. அதை அப்படியே கடையின் வீடியோ பக்கத்தில் போட எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று அண்ணன் என்னிடம்தான் கேட்டார். அந்தப் படத்தின் தொடக்கத்தில் தன் முகத்தைக் காட்டி முதல்முறையாக வாயைத் திறந்தார். “அந்த அழுக்கு அந்த வீட்டு அழுக்கு இல்ல. நான் ஊத்துனது. அவங்க அதைக் கண்ணாடி மாதிரி வெச்சிருந்தாங்க,” என்றார். திட்டு மழையாகக் கொட்டியது. வருவதாகச் சொன்ன சோபாக்கள் வரவில்லை. அண்ணி பேசவில்லை, ஆனால் அதை அழிக்கவுமில்லை.

அதைப் போட்ட அன்றே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். துணைக்கு வா என்று என்னையும் இழுத்துக்கொண்டார். மடித்து வைத்திருந்த வெள்ளைத் துண்டை ஒரு கையிலும் போனை மறு கையிலும் நீட்டினார். நாற்காலியை அனுப்பக் கொடுத்திருந்த எண்ணில் தம்பிக்கும் அனுப்பிவிட்டேன் என்றார். அந்தப் பெண் நின்றபடியே பார்த்தார். டீ ஊற்றும் இடம் வருமுன் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து போட்டார். துண்டு தெரியும் இடத்தில் விரலை வைத்தார்.

“அப்ப நான் சரியாத்தான் பாத்துக்கிட்டேன்,” என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

அண்ணன் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். வார்த்தை வருமுன் அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

“அன்னிக்கு நான் உங்ககிட்டயே வந்து கேட்டேனேண்ணே.”

பஞ்சண்ணன் என்னைப் பார்த்தார். குனிந்து பார்த்துக்கொள்ள இந்த முறை என் கையில் அளவு டேப் இல்லை.