அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி

கேட்கத் தெரியாமல் கேட்டது நீங்கள், சார். பழியைத் தூக்கி எங்கள் மருத்துவர்மேல் போட்டதும் நீங்கள்தான்.

தொண்ணூறுகளில் படிப்பை முடித்துத் திருவண்ணாமலையில் ஒரு மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்தேன். எங்களுக்குப் பொறுப்பு, அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒரு பெண் மருத்துவர். வாய் பொல்லாதது. ஆனால் நாங்கள் தையல் போடும்போது இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அவசரப்பட்டு எங்கள் கையிலிருந்து ஊசியைப் பிடுங்கிவிடக் கூடாது என்று தனக்குத்தானே போட்டுக்கொண்ட விலங்கு அது.

ஒரு பௌர்ணமி மாலை. கிரிவலம் வந்த கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவரை அடி அண்ணாமலையிலிருந்து தூக்கிவந்தார்கள். பாதத்தைக் கண்ணாடி கிழித்து ரத்தம் பீய்ச்சியது. நான் எடுத்த எடுப்பில் ஊசியைத் தேடியதை அடிபட்டவர் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, என் கால்லதான் கத்துக்கப் போறியா?"

"ஆமாங்க," என்றார் எங்கள் மருத்துவர். "நானும் யாரு கால்லயோதான் கத்துக்கிட்டேன். அந்த ஆளு நல்லாத்தான் நடக்குறாரு." என் பக்கம் திரும்பினார். "எருமை, மொதல்ல அமுக்கிப் புடி. நான் எங்கயும் போகல."

அமுக்கினேன். ரத்தம் நின்றது. ரத்தக்குழாயைத் தேடிக் கட்டினேன், தைத்தேன். எங்கள் மருத்துவரின் கை கடைசிவரை முதுகைவிட்டு வரவில்லை. எனக்கு என்மேல் நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

பயிற்சி எப்படி நடக்கிறது என்று விசாரிக்கக் கல்லூரியிலிருந்து நீங்கள் வந்தீர்கள். அவரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டே எங்களை ஒவ்வொருவராக எழுப்பினீர்கள்.

"மேடம் நல்லா சொல்லித் தர்றாங்களாப்பா?"

"நல்லா சொல்லித் தர்றாங்க சார்."

எல்லோரும் அதையே சொன்னார்கள். உண்மையும் அதுதான். "ரொம்ப ஜாஸ்தியா திட்டுவாங்க சார், ஆனா கூப்பிட்டா ஓடி வருவாங்க," என்று நான் சொன்னதற்குச் சிரித்தீர்கள்.

அவருக்குப் பயந்துதான் எல்லோரும் புகழ்கிறோம் என்று முடிவு கட்டினீர்கள். அடுத்து வந்த பயிற்சி மருத்துவர்களை அவரிடம் விடவில்லை. "விடு, நோயாளிங்க இருக்காங்கல்ல, போதும்," என்று என்னிடம் சொன்னார் எங்கள் மருத்துவர். போதவில்லை. வேறு யாரோ சொல்லிக்கொடுக்கும் தையல் அறை வாசலில் வந்து நின்று, எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பிறகு ஒருமுறை அங்கே போனபோது நானே பார்த்தேன்.

இப்போது என்னிடமும் பயிற்சி மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தைக்கும்போது என் கைகள் தானாகப் பின்னால் போய்விடுகின்றன. அவர் கொடுத்த பழக்கம். இதற்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தீராது. என்னைப் பற்றி அவர்களிடம் யாராவது விசாரிக்க வந்தால் நான் வெளியே போய்விடுவேன்.

கல்லூரியின் பழைய மாணவர் கூட்டத்தில் நல்ல பயிற்சி பற்றி நீங்கள் பேசப்போகிறீர்களாம். அவரை நான் அழைத்துவருகிறேன். முன்வரிசையில் உட்காருவார். எல்லோருக்கும் கேட்கும்படி, ஒலிபெருக்கியில் பதில் சொல்லுங்கள்: அன்றைக்கு அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு எங்களை ஏன் கேட்கவில்லை?