ஜெராக்ஸ் சந்திரசேகரனின் போணி

கன்னட ராஜ்யோத்சவ விழாவில் பெங்களூர் அடுகோடி வியாபாரிகள் மூன்று பேருக்கு மைசூர்ப் பேட்டா தலைப்பாகை கட்டி, சந்தன மாலை போட்டார்கள். பேக்கரி ஓஸ்வால்ட், பல் மருத்துவர் சுந்தரராமன், ஜெராக்ஸ் கடை சந்திரசேகரன். உங்கள் வெற்றிக்குக் காரணம் என்ன என்று மேடையில் கேட்டபோது மூவரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: கடின உழைப்பு, நேர்மை, வாடிக்கையாளரின் திருப்தி. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். மூவருக்கும் உரை எழுதிக் கொடுத்தவன் நான்தான். வேலை தேடிக்கொண்டிருக்கும் பி.காம். பட்டதாரிக்கு இதற்கெல்லாம் நேரம் இருந்தது.

உண்மையில் ஓஸ்வால்ட், அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றாமல் செவ்வாய்க்கிழமைகளில் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார். சுந்தரராமன் ராகுகாலத்தில் பல் பிடுங்க மாட்டார். வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நோயாளிகள் அது கழியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். சந்திரசேகரன் தன் வெற்றிக்குக் காரணமாக நம்பியது என்னை.

அவர் வாணியம்பாடிக்காரர். பெங்களூருக்கு வந்து முதலில் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்தார். தெருவுக்குள் கேபிள் டிவி வந்தது. வண்ண மீன் விற்றார். அந்தக் கோடையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. பேஜர் ஏஜென்சி எடுத்தார், செல்போன் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் பழி வாசலின் மேல் விழுந்தது. கடைசியில் மகள் பெயரில் ‘வித்யாலட்சுமி ஜெராக்ஸ், எஸ்.டி.டி.’ திறந்தபோது, மெயின் ரோட்டைப் பார்த்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, வாஸ்துக்காரர் சொன்னபடி சாக்கடைச் சந்தில் கிழக்குப் பார்த்து ஒரு வாசல் வைத்தார். வாடிக்கையாளர்கள் சாக்கடையைத் தாண்டிக் குதித்து உள்ளே வர வேண்டும்.

ஆனாலும் வந்தார்கள். மாடியில் ஒரு வேலைவாய்ப்பு கன்சல்டன்சி இருந்தது. அதற்கு மேலே கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம். கன்சல்டன்சியில் ஒவ்வொரு முறையும் சான்றிதழ்களுக்குப் புது நகல் கேட்பார்கள். பழைய நகல்களை என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஊரில் வேலையில்லாதவர்கள் பெருகப் பெருக அவர் கல்லா நிறைந்தது. இதை அவரிடம் ஒருமுறை விளக்கியும் பார்த்தேன்.

“மாடியா? அது என் தலைக்கு மேல இருக்கு சார். உங்க கை என் கல்லாவுல இருக்கு,” என்றார்.

நடந்தது இதுதான். ஒரு திங்கட்கிழமை நான் முதல் ஆளாக வந்து மார்க் ஷீட்டை நகலெடுத்தேன். அன்று பேப்பரில் ஒரு பெரிய கம்பெனியின் விளம்பரம் வந்திருந்தது. மாலைவரை கடையில் நிற்க இடமில்லை. மறுநாள் அவர் எனக்காகக் காத்திருந்தார். அதுவரை தம்பியாக இருந்த நான் சார் ஆனேன். தினமும் காலையில் நான் வந்து ஒரு பக்கமாவது நகலெடுத்து, போணி செய்த பிறகுதான் மற்றவர்களுக்கு மிஷின் ஓடும். எனக்கு முன்னால் யாராவது வந்தால், “மிஷின் சூடாகணும், ஸ்வல்ப நில்லுங்க,” என்பார். எனக்கு நகல் தேவையில்லாத நாள்களில் ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு போனேன்.

பி.காமில் எனக்குப் புள்ளியியலும் ஒரு பாடம். படித்தவன் இதற்கெல்லாம் உடன்படலாமா என்று என்னையே கேட்டுக்கொள்வேன். கேட்டுக்கொண்டே, பஸ்ஸில் யாரும் பார்க்காதபோது உள்ளங்கையை விரித்துப் பார்ப்பேன். இவ்வளவு ராசியான கை எனக்கு மட்டும் ஏன் உதவவில்லை?

உதவ வேண்டிய நேரம்தான் அது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கார்மெண்ட்ஸில் பட்டன் தைக்கும் அம்மா ரத்தினம்மாளுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. எனக்கு வேலை கிடைத்ததும் நின்றுவிடுவதாக ஒவ்வொரு பண்டிகைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டில் போன் கிடையாது. பயோடேட்டாவில் சந்திரசேகரனின் கடை நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று எழுதியிருந்தேன். யாராவது கூப்பிட்டால் அவர் என்னிடம் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.

விருது வாங்கிய மறு வாரம், கடையின் எஸ்.டி.டி. பூத்தைப் பார்த்துக்கொள்ளும் லவினா சந்தில் என்னை நிறுத்தினாள்.

“பாலா, ஹெப்பகோடி கம்பெனிலேர்ந்து உனக்கு போன் வந்துச்சு மேன். ரெண்டு வாட்டி. நீ ஊருக்குப் போயிட்டேன்னு ஓனர் சொல்லிட்டார்.”

உள்ளே போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. மிஷின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“வேலை கெடச்சா விடிஞ்சதும் பஸ் ஏறிடுவீங்க. எனக்கு யாரு போணி பண்றது? ஓஸ்வால்டா? அந்த ஆள் வந்தாலே மிஷின்ல பேப்பர் மாட்டிக்குது.”

“அதுக்காக என் பொழப்புல மண்ணைப் போடுவீங்களா?”

“பெரிய வார்த்தையெல்லாம் பேசாதீங்க சார். ஒரு வருஷம் அட்ஜஸ்ட் பண்ணுங்க. கலர் மிஷின் வாங்கிட்டேன்னா நானே உங்களுக்கு வேலை தேடித் தர்றேன்.”

“அப்ப இங்கயே ஒரு வேலை குடுங்களேன்.”

“அதையும் யோசிச்சேன். கடை ஆளே போணி பண்ணா செல்லாதே!”

“மேடையில நேர்மைன்னு சொன்னீங்களே சார்?” என்றாள் பின்னாலேயே வந்த லவினா.

“அது இவர் எழுதினதும்மா.”

“அம்மாவுக்கு ஊசியில நூல் கோக்க முடியல சார். பக்கத்துல இருக்கறவங்க கோத்துத் தர்றாங்க,” என்றேன்.

அவர் துடைப்பதை நிறுத்தினார். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்.

“நாளைக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ. நீங்க வரலேன்னா வேற ஆளைப் போட்டுருவாங்களாம்,” என்றார். பிறகு குரல் இறங்கியது. “போறதுக்கு முன்னாடி ஒரு போணி மட்டும் பண்ணிட்டுப் போங்க சார்.”

மறுநாள் காலையில் எல்லாச் சான்றிதழ்களையும் நகலெடுத்தேன். நான் கொடுத்த நோட்டை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல்லாவில் போடவில்லை.

ஹெப்பகோடியில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி அது. முதலாளி ஜெயலட்சுமி அம்மாள். சான்றிதழ் ஃபைலை நீட்டினேன். அதன்மேல் தண்ணீர் தம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்:

“நட்சத்திரம் என்ன?”

“சுவாதி மேடம்.”

“பாதம்?”

“மூணு.”

“அப்பாடா! கணக்குப் பாக்க சுவாதிக்காரன்தான் வேணும்னு ஜோசியர் சொல்லி ரெண்டு மாசமாத் தேடறேன். திங்கக்கிழமை ராகுகாலம் முடிஞ்சதும் வந்து சேந்துக்கோங்க.”

ஃபைலை அவர் கடைசிவரை திறக்கவில்லை.

மாலையில் கடைக்குப் போனேன். உள்ளே நல்ல கூட்டம். சந்திரசேகரன் என் நோட்டை லேமினேட் செய்து பிள்ளையார் படத்துக்குக் கீழே மாட்டியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கும்பிட்டார். “இனி இதுல விழிச்சிட்டுதான் கடை திறப்பேன் சார்,” என்றார். புதிதாக வந்த ஒருவர் சுவரிலிருந்த விருதைப் பார்த்துவிட்டு, எப்படி முன்னுக்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

“உழைப்பு சார்,” என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

வீட்டில் அம்மா, காலையில் நான் நூல் கோத்து வைத்த ஊசியால் என் சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். வேலை கிடைத்ததைச் சொன்னேன்.

“எப்படிடா கெடச்சுது?”

சுவாதி என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனோ வெட்கமாக இருந்தது.

“உழைப்பும்மா.”

அம்மா ஊசியை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ எப்படா உழைச்ச?” என்றாள்.