சால்வை போட்டவர் வீட்டுப் பந்தி

இன்று ஒரு நிச்சயதார்த்த விருந்துக்குப் போயிருந்தேன். பாயசம் வரைக்கும் உட்கார முடியவில்லை!

(அம்மாவின் போனிலிருந்து, அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பிளஸ் ஒன் படிக்கிறேன். பரீட்சை முடிந்துவிட்டது, யாரும் திட்ட வேண்டாம்.)

அந்த சோப்பு விளம்பரம் உங்களுக்கு நினைவிருக்கும். பெயரைச் சொல்ல மாட்டேன். அதற்குக் கிடைத்த விளம்பரம் போதும்.

குற்றாலம் அருவியில் பெண்கள் கூட்டமாகக் குளித்துக்கொண்டிருப்பார்கள். கதாநாயகி அவர்கள் பக்கத்தில் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்வாள். காமிரா ஒரு பெண்ணின் முகத்துக்குப் போகும். அவர் கையைத் தூக்கித் தலைமுடியைப் பிழிந்தபடி சிரிப்பார். "அருவியே கொட்டினாலும் போகாத நாற்றமா?" என்று ஒரு குரல் கேட்கும்.

அந்தப் பெண் என் சித்தி.

சித்தி கேட்டரிங்கில் பந்தி பரிமாறுகிறவர். படப்பிடிப்புக்குச் சாப்பாடு கொண்டுபோன இடத்தில், "அக்கா, நீங்களும் போய் நில்லுங்க, சும்மா சிரிங்க" என்றிருக்கிறார்கள். சித்தி சிரித்தார். எதற்கென்று யாரும் சொல்லவில்லை.

முதல்முறை டிவியில் வந்தபோது வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்திருந்தோம். முடிந்ததும் அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

சித்திதான் பேசினார்: "சேலை கலர் நல்லா விழுந்திருக்கு, என்ன?"

பிறகு ஊரே பொங்கியது! "எங்கள் மண்ணின் பெண்களை இழிவுபடுத்தாதே!" என்று குற்றாலம் ரோட்டில் தட்டி பிடித்தார்கள். பெட்டி பெட்டியாக சோப்பை ஓடையில் கொட்டினார்கள். (அந்த ஓடை சுத்தமாக இருந்தது அந்த ஒருநாள்தான்.)

எனக்குப் பெருமையாக இருந்தது. பாடப்புத்தகத்தில் படித்த போராட்டம் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டதாக நினைத்தேன்.

கம்பெனி விளம்பரத்தை நிறுத்திவிட்டது. "யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்றது. அந்த 'யாருடைய' என்பவர் எங்கள் ஊர் மேலகரத்தில் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

டிவியில் நின்றது. போனில் நிற்கவில்லை!

கண்டித்துப் பதிவு போட்ட ஒவ்வொருவரும் சித்தியின் படத்தையும் சேர்த்துப் போட்டார்கள். முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "இந்த அப்பாவிச் சகோதரியைப் பாருங்கள்!"

பார்த்தார்கள்.

மினி பஸ்ஸில் சித்தியும் நானும் ஏறினோம். பின்சீட்டில் ஒருவன், "ஏலே, சோப்பு அக்கா வருது, ஜன்னலத் திறலே!" என்றான். சித்தி அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார். வீடுவரை நடந்தோம்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். போராட்டத்தில் முன்னால் நின்றவர். அவருடைய பதிவுதான் அதிகம் பரவியது. ஒருநாள் ஆட்களோடு சித்தி வீட்டுக்கே வந்து சால்வை போட்டார்.

சித்தி கையெடுத்துக் கும்பிட்டார். "அண்ணாச்சி, அந்தப் படத்த மட்டும் எடுத்துருங்க."

"எடுக்கதா? உலகமே உனக்காகப் பேசுது தாயி! அன்னா, அங்கன பாத்துச் சிரி."

அந்தப் படத்தையும் போட்டார்.

அதற்குள் கேட்டரிங் மாஸ்டர் சித்தியைப் பந்தியிலிருந்து எடுத்துவிட்டார். "கொஞ்ச நாளு பின்னால பாத்திரத்தப் பாரும்மா. இலைக்கு முன்னால நின்னா சனங்க ஒரு மாதிரிப் பாக்குதாங்க."

சித்திக்குப் பாத்திரம் கழுவுவது குறையில்லை. ஆனால் பந்திதான் அவருக்கு எல்லாம். "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டா ராசா?" என்று அவர் கேட்டுக்கொண்டு வரும்போது வயிறு நிறைந்தவர்கள்கூட வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள்.

இன்றைய விருந்து அந்த அண்ணாச்சியின் மகள் நிச்சயதார்த்தம். சித்தி வேலை செய்யும் அதே கேட்டரிங்.

நேற்றே சித்தி சொல்லியிருந்தார்: "அண்ணாச்சி வீட்டு விசேஷம்லா. நம்மள நல்லாத் தெரிஞ்ச மனுசன். இங்க என்னைய முன்னாலதான் விடுவாங்க, பாரேன்." புதுச் சேலைக்கு ஃபால்ஸ் கூடத் தைத்து வைத்திருந்தார்.

நான் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். இனிப்பு வந்தது. சாம்பார் வந்தது. சித்தி வரவில்லை.

அந்தப் பக்கம் வந்த மாஸ்டரிடம் கேட்டேன். "நானா மாட்டேன்னு சொன்னேன்? விசேஷ வீட்டுல இருந்தே காலையில போன் வந்துட்டும்மா" என்றார்.

அண்ணாச்சி ஒவ்வொரு இலையாக, "நல்லாச் சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

"மாமா, எங்க சித்திய ஏன் பரிமாற விடல?"

"ஏட்டி, மெதுவாப் பேசு. மரியாதை இல்லாமலா சால்வை போட்டேன்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஆலங்குளத்துல இருந்து வந்திருக்காங்க. அவங்களும் அந்தப் படத்தப் பாத்துருக்காங்கள்லா. சோத்துப் பக்கம் அவ வந்து நின்னா ஒருத்தர் இல்லாட்டா ஒருத்தர் சிரிப்பாங்க. அவளுக்குத்தான சங்கடம்?"

"அவங்களுக்கு அந்தப் படம் எப்படிக் கெடைச்சுது மாமா?"

அண்ணாச்சி பக்கத்து இலையைப் பார்த்தார். "நான்தான் அனுப்பினேன்... நம்ம போராட்டத்தப் பத்திச் சொல்லணும்லா." சொல்லிவிட்டு, "ஏய், இங்கன அப்பளம் வை!" என்று நகர்ந்துவிட்டார்.

நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

மண்டபத்துக்குப் பின்னால் சித்தி அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். புதுச் சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். கரையெல்லாம் கரி.

"சாப்பிட்டியாட்டி? பாயசம் வாங்கினியா?"

"வாங்கினேன் சித்தி."

"யாரு பரிமாறுனா? நிறைய வச்சாளா?"

நான் குழாயைத் திறந்து கை கழுவினேன்.

"வச்சிருக்க மாட்டா. அவளுக்குக் கை வராது" என்று சித்தியே சொல்லிவிட்டு அடுத்த அண்டாவை இழுத்தார்.

நண்பர்களே, விளம்பரம் எடுத்தவர்களுக்குச் சித்தி யாரென்றே தெரியாது. தெரிந்தவர்கள் நாம்தான். கோபப்பட்டுப் பகிர்ந்த அந்தப் படம் உங்கள் போனில் இன்னும் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அதனால்தான் இந்தப் பதிவில் படம் எதுவும் போடவில்லை.

பின்குறிப்பு: பதிவைப் போட்டு எழுந்திருப்பதற்குள் முதல் கமெண்ட் வந்துவிட்டது.

"படிச்சிட்டு அழுதுட்டேன்மா. யாரு அந்த அக்கா? ஒரு போட்டோ போடேன்!"